2,090 என்ற எண்ணும் எங்கள் வீட்டுச் சண்டையும்

2023 டிசம்பர் 26. சுனாமி நாள் என்று காலையில் கடலில் பால் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்த சனம், அன்று நள்ளிரவில் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடியது. எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து ஓர் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா இறக்கக் கடலுக்கடியில் போட்டிருந்த குழாயில் கசிவு. ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மிக்ஜாம் புயல் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் இறங்கிய எண்ணெய்க் கறை படகிலும் வலையிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த நேரம்.

நள்ளிரவு தாண்டி எனக்குப் போன் வந்தது. நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். "அக்கா, கண்ணைத் திறக்க முடியல. மூச்சு முட்டுது. என்னான்னே தெரியல. எல்லாரும் ஓடுறாங்க" என்றாள். நான் பதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அப்பா எழுந்து வந்துவிட்டார். எங்கள் வீடு திருவொற்றியூரில். அப்பா மணலியில் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். அதில் பாதிக்கு மேல் அம்மோனியா பக்கம்தான். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"யம்மா, நெடி எப்படி இருக்கு? பிளீச்சிங் பவுடர் மாதிரியா, மூத்திர நெடியா?"

அவள் என்ன சொன்னாளோ, அவர் முகம் மாறியது.

"சரி. பயப்படாத. துண்டைத் தண்ணியில நல்லா முக்கி மூக்கு, வாய் ரெண்டையும் சேர்த்துக் கட்டு. பிள்ளைக்கும் அப்படியே கட்டு. காயக்கூடாது, காய்ஞ்சா திரும்ப நனை. வெளிய வந்ததும் கொடியில துணி எந்தப் பக்கமா பறக்குதுன்னு பாரு. துணி பறக்குற பக்கம் ஓடாத. குறுக்கால போ, குறுக்கால."

அம்மோனியா தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரையும். ஈரத்துணி கொஞ்சத்தையாவது பிடித்துக்கொள்ளும். அதைத்தான் சொன்னார். அவள் பிள்ளையோடு தப்பித்து விடிகாலையில் மெசேஜ் அனுப்பினாள். அது வரும்வரை அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாளே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எண்களைச் சொன்னது. தொழிற்சாலை வாசலருகே காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், கடலில் விடும் நீருக்கான வரம்பு 5. இந்த 2,090தான் எங்கள் வீட்டில் மூன்று நாள் சண்டையாக ஓடியது.

என் மகள் கல்லூரி மாணவி. வடசென்னைப் பிரச்சினை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவள். "வரம்புக்கு அஞ்சு மடங்கு தாத்தா! இதுக்கு மேல என்ன வேணும்?"

அப்பா கணக்குப் போட்டார். அந்த வேலையில் இருந்தவர்களுக்கு பிபிஎம்தான், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்பதுதான், பேச்சு வழக்கு. 2,090 மைக்ரோகிராம் என்பது ஏறக்குறைய 3 பிபிஎம். தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்குப் பொதுவாக வைக்கும் வரம்பு 25. "மூணு பிபிஎம் கண்ணு. நான் இதை விட நாலு மடங்கு, அஞ்சு மடங்குல நின்னு வேலை பார்த்து உன் அம்மாவைப் படிக்க வெச்சிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?"

ஒரே எண். ஒருத்தருக்கு அது ஐந்து மடங்கு அதிகம், இன்னொருத்தருக்கு எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு கணக்கிலும் பிழை கிடையாது. நான் இருவருக்கும் நடுவில் காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 24 வருஷமாக எண் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. இந்த எண்ணைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

400 என்ற வரம்பு ஊர்க் காற்றுக்கு வைத்தது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை, வீசிங் உள்ள பாட்டி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாரும் நாள் முழுக்க, வருஷம் முழுக்க சுவாசிக்கிற காற்று. 25 பிபிஎம் என்பது உடல் தகுதி பார்த்து வேலைக்கு எடுத்த ஆளுக்கு. அவர் எட்டு மணி நேரத்தில் வெளியே வந்து நல்ல காற்று வாங்குவார், சம்பளம் வாங்குவார், பக்கத்தில் முகமூடி தொங்கும், எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அப்பாவின் வரம்பைப் பெரியகுப்பத்துக் குழந்தைக்கு வைக்கக்கூடாது.

மகளிடமும் சொன்னேன். மறுநாளே அறிவித்த எண், 24 மணி நேரச் சராசரியாக இருக்க முடியாது. கொஞ்ச நேரம் எடுத்த அளவை நாள் முழுவதற்குமான வரம்போடு வைத்து "ஐந்து மடங்கு" என்று சொன்னால், விவரம் தெரிந்தவன் ஒருவன் அந்த ஒரு ஓட்டையைக் காட்டி உன் மொத்தப் பேச்சையும் தள்ளிவிடுவான்.

இரண்டு பேருமே கேட்காத கேள்வி வேறு. 2,090ஐ அளந்தது தொழிற்சாலை வாசலில். என் தோழி கண்ணைத் திறக்க முடியாமல் நின்ற அந்தச் சந்தில், அந்த நிமிடத்தில், அவள் மூக்கருகே எவ்வளவு இருந்தது? அதை அளக்க அங்கே எந்தக் கருவியும் இல்லை. அம்மோனியா காற்றை விட லேசானது, மேலே போய்விடும் என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம், அது உண்மை. ஆனால் கப்பலில் வருவது மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய அம்மோனியா. அது ஈரக்காற்றில் கசிந்தால் குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு ஊர்ந்து, அப்புறம்தான் மேலே ஏறும். இது அப்பாவுக்கே நன்றாகத் தெரியும். நான் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமா, தரையிலதான் வரும். பனி மாதிரி வரும்" என்றார். சண்டையில் அதை அவராகச் சொல்லவில்லை. பொய் சொல்லக்கூடியவரும் இல்லை அவர். கட்சி கட்டிப் பேச ஆரம்பித்துவிட்டால் தெரிந்த உண்மையில் பாதி நாக்குக்கு வருவதில்லை. என் மகளுக்கும் அதே கதைதான். அம்மோனியாவிலிருந்து செய்யும் யூரியா இல்லாமல் செங்கல்பட்டில் எத்தனை மூட்டை நெல் குறையும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்த நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார், 1913இல் கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். இன்று நாம் சாப்பிடும் சோற்றில் அந்த வேதியியல் இருக்கிறது. அப்பா பெருமைப்படுவதில் நியாயம் உண்டு.

இதே சண்டையை நான் தெருக் குழாயடியில் ரொம்ப வருஷமாகப் பார்க்கிறேன். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தெரு. தெரு முனையில் இருப்பவர்கள், "மேடம், தண்ணியில மருந்து வாடை குடலைப் புரட்டுது, குளோரினைக் கொட்டி எங்களைக் கொல்றாங்க" என்று புகார். தெருக்கோடியில் இருப்பவர்கள், "தண்ணியில சாக்கடை வாடை, குளோரினே போடுறதில்ல" என்று புகார். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள்.

நான் குளோராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். விரல் உயரக் கண்ணாடிக் குழாய்தான். அதில் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும். அட்டையில் இருக்கும் மஞ்சளோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று சொல்லலாம். (அந்தப் பழைய மருந்து ஆர்த்தோடொலுடின், அதுவே உடம்புக்கு ஆகாது. இப்போது டிபிடி மாத்திரை போடுகிறோம், ரோஸ் நிறம் வரும்.) தெரு முனை வீட்டில் எலுமிச்சைத் தோல் மாதிரி நல்ல மஞ்சள். நடுத்தெருவில் வெளிறிய மஞ்சள், வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்தால்தான் தெரியும். கடைசி வீட்டில் எத்தனை முறை சொட்டு விட்டும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

குழாயில் போகப் போகக் குளோரின் செலவழிந்துகொண்டே போகும். துருப்பிடித்த குழாய், பழைய அழுக்கு, எங்காவது உடைப்பில் உள்ளே இழுக்கும் கழிவு எல்லாம் அதைத் தின்றுவிடும். இந்தியத் தர நிர்ணயப்படி குழாயில் வரும் தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். கடைசி வீட்டில் அது இல்லை. முனை வீட்டுக்காரர் சொன்னதும் உண்மை, கடைசி வீட்டுக்காரர் சொன்னதும் உண்மை. உடைந்த குழாயைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகுதான் புகார் நின்றது.

குளோரின் வேண்டாம் என்று சொல்பவர்கள் கையில் ஒரு நிஜமான ஆதாரம் இருக்கிறது. 1974இல் நெதர்லாந்தின் யோஹனஸ் ரூக் என்ற வேதியியலாளர், தண்ணீரில் இருக்கும் இலை தழை மக்கோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன என்று காட்டினார். அது கட்டுக்கதை கிடையாது, அதற்கும் வரம்பு வைத்து அளக்கிறோம். ஆனால் 1992இல் இந்த ஊரில் என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை உலகம் பார்த்திராத ஒரு புதுக் காலரா அந்த வருஷம் மதராஸில் தலைகாட்டியது. ஓ139 என்று பிறகு பெயர் வைத்தார்கள். இங்கிருந்து வங்காளம்வரை போய் எத்தனையோ உயிரைக் குடித்தது. எப்போதோ வரலாம் என்கிற ஆபத்தையும் நாளைக் காலையே வரக்கூடிய ஆபத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் இதில் தெளிவாகவே இருக்கிறது: குளோரினால் உண்டாகும் துணைச் சேர்மங்களுக்குப் பயந்து கிருமி நீக்குவதில் கைவைக்காதே. நானும் அந்தப் பக்கம்தான். என் வீட்டில் குளோரின் வாடை வந்தால் குடத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பேன், போய்விடும்.

இந்த மாதிரி எல்லாம் நான் பேசும்போது அப்பா குஷியாகிவிடுவார். "அதான் நானும் சொல்றேன். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு. அளவோட இருந்தா நஞ்சும் ஒண்ணும் பண்ணாது." முதல் பாதி நம் பழமொழி. இரண்டாம் பாதி தொழிற்சாலைகள் ஒட்டவைத்தது. அதை நான் ஏற்கவே மாட்டேன்.

பெட்ரோலில் ஈயம் கலந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுவதைத் தடுக்க ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921இல் கண்டுபிடித்தவர் தாமஸ் மிட்ஜ்லி. 1924இல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தபோது, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவி, மூக்கருகே பிடித்து ஒரு நிமிடம் முகர்ந்து காட்டினார். அதற்கு முந்தைய வருஷம்தான் அவரே ஈய நஞ்சேறி ஓய்வெடுக்கப் போயிருந்தார். அப்புறம் நாற்பது வருஷம் கம்பெனி பக்கத்து விஞ்ஞானிகள், உடம்பில் கொஞ்சம் ஈயம் இருப்பது இயல்புதான், அளவோடு இருந்தால் கெடுதலில்லை என்றே சொல்லிவந்தார்கள். பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன்தான் அந்த "இயல்பு" எவ்வளவு பொய் என்று காட்டினார். பாறையில் ஈயத்தை அளக்கப் போனவருக்கு, தன் ஆய்வுக்கூடத்துக் காற்றிலேயே ஈயம் வந்து விழுந்துகொண்டிருந்தது தெரிந்தது. இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000ஆம் வருஷம். சென்னையில் 1995இலேயே ஈயமில்லாத பெட்ரோல் வர ஆரம்பித்தது. அதற்கு முன்னால் மவுண்ட் ரோடு பஸ் ஸ்டாப்பில் நின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். குழந்தை உடம்பில் ஈயத்துக்குக் கெடுதலில்லாத அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதுதான் இன்றைய அறிவியல். ஆகவே "அளவோடு" என்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. பொருளுக்குப் பொருள் தனியாகப் பார்க்கவேண்டும்.

மாம்பழக் காலத்திலும் எங்கள் வீட்டில் இதுதான். கோயம்பேட்டில் கார்பைடு கல் வைத்த பழத்தைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்தால், மகள் "எல்லாமே கெமிக்கல்" என்பாள். கார்பைடு தடைசெய்யப்பட்டது, அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும், தடை சரிதான். எத்திலீன் வாயு அறையில் 100 பிபிஎம் வரை வைத்துப் பழுக்கவைக்க அனுமதி உண்டு, அதுவும் சரிதான். மாம்பழம் தானாகவே விடுகிற வாயு அது. என் பாட்டி வாழைத்தாரைக் குழியில் இறக்கிப் புகை மூட்டம் போட்டதும் அந்த வாயுவுக்காகத்தான், பெயர் அவளுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு "கெமிக்கல்" என்றால், கார்பைடு வைப்பவனுக்குத்தான் லாபம். எல்லாருமே கெட்டவர்கள் என்றால் அவனை மட்டும் யார் தேடிப் பிடிப்பார்கள்?

2020 ஆகஸ்ட் 4இல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அடுத்த இரண்டொரு நாளில், மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் சுமார் 700 டன் அதே பொருள் 2015இலிருந்து கிடக்கிறது என்று டிவியில் வந்தது. தனியாகக் கிடந்தால் அது வெடிக்காது, தீயும் அடைப்பும் கலப்படமும் சேரவேண்டும் என்று அப்பா விளக்கினார். சரியான விளக்கம். "பெய்ரூட்லயும் ஆறு வருஷம் சும்மாதானே கிடந்துது தாத்தா" என்றாள் மகள். அதுவும் சரி. நாலைந்து நாளில் லாரி லாரியாக ஹைதராபாத்துக்குக் கிளப்பினார்கள். என்னை உறுத்தியது வேறு. மணலியில் ஐந்து வருஷமாகக் குடியிருந்த ஒருவருக்கும் அது அங்கே இருப்பது தெரியாது. பெய்ரூட்டில் வெடித்ததால்தான் மணலிக்காரனுக்குத் தன் ஊரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

டிவியில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து "ஆபத்தா, இல்லையா?" என்று இரண்டு பேரைக் கத்தவிடுகிறார்களே, அதில் எனக்கு வருகிற கோபம் இங்கேதான். அம்மோனியா ஆபத்தானதுதான். அதைக் கையாளத் தெரிந்தவர்கள் தினம் கையாளுகிறார்கள் என்பதும் உண்மைதான். என் அப்பாவுக்குத் தெரிந்த ஈரத்துண்டு, குழாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் தூங்கியவளுக்கு ஏன் தெரியவில்லை? இதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் அத்தனை உயிர் போன பிறகு, 1989இல் அபாயகரமான ரசாயனங்களுக்கென்று மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அதில் 15ஆவது விதி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களிடம் ஆபத்து என்ன, நடந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்கிறது. போபாலிலும் நனைத்த துணியை முகத்தில் போட்டுக்கொள்ளச் சொல்ல அந்த ராத்திரி ஆளில்லை. 39 வருஷம் கழித்து என் தோழிக்கு அது ஒரு போன் வழியாக, தற்செயலாக, எங்கள் அப்பா விழித்துக்கொண்டதால் போய்ச் சேர்ந்தது. அவள் பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்படி ஓர் அப்பா இல்லை.

இதை மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. யாரும் பேசவில்லை. அப்பா கை கழுவிவிட்டு வந்து, "எங்க கேட் உள்ள எழுதிப் போட்டிருந்தாங்க. பெரிய போர்டு. காத்து காட்டுற பைகூட உசரத்துல கட்டியிருந்தாங்க, உள்ள இருக்கவங்களுக்குத் தெரிய" என்றார். "உள்ள" என்பதை இரண்டாவது முறை சொல்லும்போது குரல் இறங்கியது.

மகள்தான் பழைய காலண்டர் தாளை எடுத்து வந்து திருப்பிப் போட்டாள். தோழி தன் தெருவில் ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அப்பா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் எந்தச் சந்து வழியாக, மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது எந்தச் சந்து வழியாக என்று படம் போட்டார்கள். கண்ணைக் கசக்காதே, தண்ணீர் விட்டுக் கழுவு. படுத்த படுக்கையாக இருப்பவர்களை முதலில் தூக்கு. வெளியேற முடியாவிட்டால் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வை.

தலைப்புக்கு வந்ததும் மறுபடியும் முட்டிக்கொண்டார்கள். மகள் "விஷவாயு கசிந்தால்" என்று எழுதினாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மோனியா கசிந்தால்னு போடு, பேரைச் சொல்லு" என்றார். "நடுராத்திரியில வந்திருக்கிறது அம்மோனியாவான்னு அவங்களுக்கு எப்படி தாத்தா தெரியும்?" என்றாள் அவள். அப்பா அன்றைக்குத் தான் போனில் கேட்ட முதல் கேள்வியை நினைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி இரண்டு வார்த்தையையும் அடித்துவிட்டு, தன் பெரிய கோணல் எழுத்தில் எழுதினார்: "ராத்திரியில் மூத்திர நெடி வந்து கண் எரிந்தால்."